சவுதிப் பெட்டியோடு வந்த கேம்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படிக்கத்தான் உங்கள் பக்கத்துக்கு வந்தேன், ஆனால் கேட்கப்போவது அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத விஷயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் சாச்சா (சித்தப்பா) சவுதியிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். வெள்ளையும் சிவப்புமான பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். இந்தப் பெருநாளைக்கு எல்லோரும் கூடியபோது அதைப் பற்றிப் பேச்சு வந்து சண்டையே ஆகிவிட்டது. அதோடு வந்த கேம்கள் மாரியோ, டாங்க், காண்ட்ரா என்று நான் சொன்னேன். எங்கள் காக்கா (அண்ணனை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்), "காண்ட்ரா எல்லாம் அதுல கிடையவே கிடையாது, மாரியோ, டாங்க், கார், வாத்து, அம்புட்டுத்தான்" என்கிறார். இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் மாரியோவும் வாத்தும் மட்டும் என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் ரோபோ ஒன்றும் கூட வந்தது என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ரோபோ எதுவும் வரவில்லை. தோற்றவர் எங்கள் ஊர் இனிப்பான தொதல் ஒரு கிலோ வாங்க வேண்டும் என்று பந்தயம். யார் சொல்வது சரி? அதே மாதிரிப் பெட்டியை இப்போது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, இன்றைய டிவியில் ஓடுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கீழக்கரை

*

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். தொதலை நீங்களே வாங்கிவிடுங்கள், காக்கா சொல்வதுதான் அநேகமாகச் சரி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த ரோபோவை ஒதுக்கிவிடலாம். நீங்கள் இணையத்தில் பார்த்தது அமெரிக்கக் கணக்கு. அங்கே 1983 வாக்கில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டது, கடைக்காரர்கள் கேம் என்ற பேச்சை எடுத்தாலே கும்பிடு போட்டு அனுப்பிய நேரம். 1985இல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி தன் பெட்டியை அங்கே இறக்கியபோது, இது கேம் இல்லை, புது மாதிரி பொம்மை என்று காட்டுவதற்காக ராப் என்று ஒரு ரோபோவையும் ஒரு துப்பாக்கியையும் சேர்த்து, கைரோமைட், டக் ஹன்ட் (உங்கள் காக்கா சொல்லும் வாத்து) என்ற இரண்டு கேம்களோடு விற்றார்கள். மாரியோவும் டக் ஹன்ட்டும் ஒரே கேசட்டில் சேர்ந்தது 1988இல் வந்த ஆக்‌ஷன் செட்டில். அந்தப் பெட்டியின் நிறம் சாம்பல், வி.சி.ஆர் மாதிரி முன்பக்கக் கதவைத் திறந்து கேசட்டை உள்ளே தள்ள வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டி வெள்ளை சிவப்பு, கேசட்டை மேலிருந்து செருகுவது. ஆகவே இணையத்தில் உள்ள அந்த இரண்டு பட்டியலுமே உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

வெள்ளை சிவப்புக்கு மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வந்த அதே நிண்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டர். அதோடு என்ன கேம் வந்தது என்று கேட்டால் பதில் வேடிக்கையானது, ஒன்றுமே வரவில்லை. பெட்டி, அதிலிருந்து கழற்றவே முடியாத இரண்டு ரிமோட், வயர்கள், அவ்வளவுதான். கேசட்டுக்குத் தனியாகக் காசு. முதல் நாள் கடையில் கிடைத்ததே டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய் என்று மூன்றுதான், சூப்பர் மாரியோ வருவதற்கு 1985 செப்டம்பர் ஆகிவிட்டது. அந்த ஜப்பான் பெட்டியில் இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டன் இருக்காது, அதற்குப் பதில் சின்னதாக ஒரு மைக் இருக்கும். சாச்சா கொண்டுவந்ததில் மைக் இருந்ததா என்று காக்காவிடம் கேளுங்கள். இருந்திருக்காது. துப்பாக்கியும் பல கேம் அடங்கிய கேசட்டும் ஒரே டப்பாவில் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அது ஜப்பானைப் பார்த்து வேறு இடத்தில் அடித்த நகல். தைவானின் மைக்ரோ ஜீனியஸ் மாதிரியான பெட்டிகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சக்கைப்போடு போட்டன. இந்தியாவில் மீடியா என்ற கம்பெனி லிட்டில் மாஸ்டர் என்று ஒன்றை விற்றது, மண்டபத்தில் எங்கள் வீட்டில் இருந்தது அதுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு பெட்டியோடு எந்த கேமைக் கொடுப்பது என்பதைப் பெரிய கம்பெனிகள் ரொம்ப யோசித்துத்தான் முடிவு செய்தன. 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசியில் டிவித் திரை மேல் ஒட்டிக்கொள்ளும் கலர்த் தாள்கள், தாயக்கட்டை, சீட்டுக்கட்டு, பொய்ப் பணம் எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள், திரையில் தெரிவது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான் என்பதால் மிச்சத்தைத் தாளை வைத்து நிரப்ப வேண்டியிருந்தது. அட்டாரி 1977இல் காம்பாட் கொடுத்தது, அது இரண்டு பேர் மோதுகிற விளையாட்டு, 27 வகை, டப்பாவுக்குள் இரண்டு ஜாய்ஸ்டிக், வாங்கிய அன்றே வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாக வேண்டும். கோலிகோ 1982இல் டாங்கி காங்கைக் கொடுத்தது, அந்த ஒரு கேமுக்காகவே பெட்டி வாங்கினவர்கள் நிறையப் பேர். சேகா அமெரிக்காவில் முதலில் ஆல்டர்ட் பீஸ்ட் கொடுத்துப் பார்த்து 1991இல் அதை எடுத்துவிட்டு சோனிக்கை வைத்தது, அப்புறம் சேகா என்றாலே அந்த நீல முள்ளெலி என்றாகிவிட்டது. கையில் பிடித்து ஆடுகிற கேம் பாயோடு டெட்ரிஸ் போனதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அங்கெல்லாம் கம்பெனி முடிவு செய்தது, டப்பா மேல் அச்சடித்தது, அதனால் முப்பது நாற்பது வருஷம் கழித்தும் இது வந்தது, இது வரவில்லை என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

நகல் பெட்டிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. பெட்டியைச் செய்தவன் ஒருத்தன், கேசட் அடித்தவன் இன்னொருத்தன், இரண்டையும் சேர்த்துக் கட்டியவன் ஜித்தாவிலோ துபாயிலோ கடை வைத்திருந்தவன், அன்றைக்கு அவன் கையில் என்ன கேசட் இருந்ததோ அதுதான் உங்கள் சாச்சாவின் பையில் ஏறியது. பர்மா பஜாரில் வாங்கினாலும் இதே கதைதான். அதனால் ஒரே தெருவில் இரண்டு வீட்டில் ஒரே பெட்டி இருக்கும், கேம் வேறாக இருக்கும். இதற்குப் பட்டியல் தேடினால் எங்கேயும் கிடைக்காது. ஆனால் கேசட்டுக்குள் என்ன அடங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் காக்கா பக்கம் சாய்கிறேன்.

அந்த ஜப்பான் மிஷின் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய கேசட்டின் அளவு, புரோகிராமுக்கு 32 கிலோபைட், படத்துக்கு 8 கிலோபைட். சூப்பர் மாரியோ இந்த இடத்தைக் கடைசி மூலை வரை நிரப்பி மொத்தம் 40 கிலோபைட். டக் ஹன்ட்டும் டாங்கும் 24தான். நாம் டாங்க் என்று சொன்னது நாம்கோவின் 1985ஆம் வருஷத்து பேட்டில் சிட்டி, கழுகைக் காப்பாற்ற வேண்டும், 35 ஸ்டேஜ். (உங்கள் டாங்க் படகு எடுத்துத் தண்ணீர் மேல் போனது என்றால் அது டாங்க் 1990 என்ற திருத்திய நகல். அசலில் படகு கிடையாது. நம்ம ஊர்ப் பையன்களுக்குப் படகு வைத்த டாங்க்தான் பிடித்திருந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம்.) கார் என்று காக்கா சொல்வது கோனாமியின் ரோடு ஃபைட்டராக இருக்கும், பெட்ரோல் தீரத் தீர இதயம் வழியிலே வந்து விழுமே அது. இவையெல்லாம் சின்னச் சின்ன கேம்கள், நாலைந்தை ஒரு மலிவு கேசட்டில் அடுக்கிவிடலாம். காண்ட்ரா அப்படி இல்லை. அமெரிக்காவில் 1988இல் வந்த காண்ட்ரா 128 கிலோபைட், மிஷின் பார்க்கிற அளவைவிடப் பல மடங்கு, அதைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் காட்டக் கேசட்டுக்குள்ளேயே தனியாக ஒரு சிப் வேலை வேண்டும். செலவு பிடிக்கிற சமாசாரம். அதனால் காண்ட்ரா இருக்கிற கேசட்டில் காண்ட்ராதான் மாப்பிள்ளை, ஸ்டிக்கரிலேயே துப்பாக்கியோடு இரண்டு பேர் நிற்பார்கள், விலையும் கூட. பெட்டியோடு சும்மா கொடுக்கிற கேசட்டில் அதைப் பெரும்பாலும் போடமாட்டார்கள்.

அப்படியானால் உங்களுக்குக் காண்ட்ரா எப்படி ஞாபகம் இருக்கிறது? விளையாடியிருக்கிறீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். லீவு விட்டால் கேசட் ஒரு வீட்டில் தங்காது. மாரியோவைக் கொடுத்துக் காண்ட்ராவை வாங்கி, காண்ட்ராவைக் கொடுத்து சர்க்கஸை வாங்கி, கடைசியில் யாருடைய கேசட் யார் வீட்டில் என்று அதன் சொந்தக்காரனுக்கே தெரியாது. எங்கள் தெருவில் ஒரு கேசட் ராமேஸ்வரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. உங்கள் ஞாபகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த மஞ்சள் கேசட்டைப் போட்டதும் தென்னை மரம், கடல், பறக்கிற பறவைகள் என்று ஒரு திரை வந்து, ஒரு சோகமான ராகம் ஓடி, கேம் பெயர்கள் வரிசையாக நிற்குமா? அந்தத் திரை ஞாபகம் இருந்தால், அந்த வரிசையில் காண்ட்ராவின் பெயரைப் பார்த்தீர்களா, இல்லை காண்ட்ரா தொடங்குவதற்கு முன் யாராவது கேசட்டைக் கழற்றி மாற்றினார்களா என்று யோசித்துப் பாருங்கள். முப்பது லைஃபுக்காக மேலே மேலே கீழே கீழே என்று அமுக்கியது ஞாபகம் இருக்கும், மாற்றிச் செருகியது மறந்திருக்கும், எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு இப்படித்தான்.

அந்த வரிசை என்றதும் இன்னொன்று. 9999999 இன் 1 என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பதை நம்பி அந்தக் காலத்தில் எத்தனை பேர் ஏமாந்தோம். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் அடம்பிடித்து வாங்கிய கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் எண்ணி ஆறு கேம், மிச்சமெல்லாம் அதே மாரியோ மூன்றாவது ஸ்டேஜிலிருந்து, அதே மாரியோ ஐந்தாவது ஸ்டேஜிலிருந்து, அதே டாங்க் வேறு பெயரில், ஒரே மீனைக் கூறு கூறாக வைத்து விலை சொல்வது மாதிரி. திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டி, "போட்டிருக்குல்ல தம்பி, எண்ணிப் பாரு" என்றார். அப்பா என்னை முறைத்தாரே தவிர அவரை ஒன்றும் சொல்லவில்லை.

நம்ம கரையில் இந்தப் பெட்டிகளுக்கு இருந்த தனிக் கஷ்டம் இரண்டு. ஒன்று ஆன்டெனா. ராமேஸ்வரத்தில் அந்த உயரமான டிவி டவர் வருவதற்கு முன் வீட்டுக்கு வீடு ஆன்டெனா இலங்கையைப் பார்த்துத்தான் நிற்கும், அங்கத்து ரூபவாஹினி சேனல் தெரிகிற வரைக்கும் ஒருத்தன் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப வேண்டும். டிவி கேம் வயரும் அதே ஆன்டெனா ஓட்டையில்தான் செருகும், ஆகவே கேம் விளையாட வேண்டும் என்றால் படத்தைப் பிடுங்கியாக வேண்டும், பெரியவர்கள் படம் பார்க்கிற நாளில் கேமும் கிடையாது, பேச்சும் கிடையாது. இரண்டாவது உப்புக்காற்று. கேசட் அடியில் இருக்கிற பித்தளை நிறப் பட்டைகள் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் மங்கிவிடும், திரையில் கட்டம் கட்டமாக வரும், உடனே கழற்றி வாயால் ஊதுவோம். ஊதியதால் சரியானது மாதிரி தோன்றும், உண்மையில் கழற்றித் திரும்பச் செருகியதுதான் வேலை செய்தது, வாயின் ஈரம் பட்டைகளை இன்னும் கெடுத்தது. பட்டைகளை மெதுவாக ரப்பரால் தேய்த்து, அப்புறம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம், அந்த மஞ்சள் கேசட் பரணில் எங்காவது கிடக்கலாம். கிடைத்தால் முதலில் துடையுங்கள், அப்புறம் பின்பக்க ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பாருங்கள். பலகையில் கருப்புப் பொட்டு மாதிரி பசை ஒட்டியிருக்கும், சிப் அதற்கு அடியில் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டி இன்னும் உயிரோடு இருந்து அதில் காண்ட்ரா ஓடினால் நான் சொன்ன கணக்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று பொருள், அந்த மாதிரி விதிவிலக்குக் கேசட்களும் சந்தையில் உண்டு.

பிள்ளைகளுக்கு வாங்குவது பற்றி. அதே பட்டியலைத் தேடி அலையாதீர்கள், இரண்டு ரிமோட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இரண்டு பேர் சேர்ந்து டாங்க் ஓட்டினால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பழைய பெட்டியே கிடைத்தால் ஆடியோ வீடியோ பின் உள்ளதாக எடுங்கள், டிவியில் சேனல் தேடும் வேலை மிச்சம். துப்பாக்கிதான் பிரச்சினை. அது எதையும் சுடுவதில்லை, வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. நீங்கள் அமுக்கியதும் திரை ஒரு நொடித் துளிக்குக் கருப்பாகி, அடுத்த துளியில் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும், அந்த வெள்ளை துப்பாக்கியின் கண்ணில் பட்டால் வாத்து விழும். பழைய டியூப் டிவி இதை அந்த நேரத்துக்கே காட்டிவிடும், இன்றைய எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி யோசித்துக் காட்டுவதற்குள் மிஷின் தப்பு என்று முடிவு செய்துவிடும், திரையோடு ஒட்டிவைத்துச் சுட்டாலும், வாத்து தப்பினால் எட்டிப் பார்க்கிற அந்த நாய் சிரிக்கத்தான் செய்யும். ஆகவே வீட்டில் ஓடுகிற டியூப் டிவி இருந்தால் துப்பாக்கியோடு வாங்குங்கள். இல்லையென்றால் துப்பாக்கிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.