அவர் நம்பர் ஏன் வாயில் வரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஏழு வயது மகனோடு மதுரைக்குப் போனேன். ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைப் பார்த்தால் போன் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர், "இந்தாங்கம்மா, வீட்டுக்குப் பேசுங்க" என்று தன் போனைக் கொடுத்தார். கணவர் நம்பர் முதல் இரண்டு எண்ணுக்கு மேல் வரவே இல்லை. கரூரில் அம்மா வீட்டில் இருபது வருடத்துக்கு முன்பு இருந்த லேண்ட்லைன் நம்பர் மட்டும் கடகடவென்று வந்தது. அதை அழுத்தினால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. நல்லவேளை, மண்டபத்தின் பெயர் நினைவிருந்ததால் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். "கல்யாணமாகிப் பதினாறு வருஷம், என் நம்பர்கூடத் தெரியாதா?" என்று கணவர் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார். மாமியாருக்கு மறதி நோய் இருக்கிறது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. எதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு வந்த மறதி நோய் மருமகளுக்கு வழிவழியாக இறங்காது. நீங்கள் அத்தை மகனையே கட்டியிருந்தாலும்கூட, முதுமையில் வருகிற மறதி நோய் பெரும்பாலும் அப்படி நேராக அடுத்த தலைமுறைக்கு வருவதில்லை. தினமும் போகிற வழி தப்புவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, நேற்று வரை சுலபமாகப் போட்ட கணக்கில் இன்று குழம்புவது, இப்படி ஏதாவது இருந்தால்தான் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் தினமும் கணக்கு எழுதுகிறீர்கள். பதறிப்போய் நின்ற நேரத்திலும் மண்டபத்தின் பெயரை நினைவுக்குக் கொண்டுவந்து, பிள்ளையோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள்.

கணவரின் நம்பரை நீங்கள் மறந்துவிடவில்லை. அதை நீங்கள் படித்ததே இல்லை. அவர் சிம் வாங்கிய அன்று ஒரு மிஸ்டு கால் கொடுத்திருப்பார், நீங்கள் பெயர் போட்டுச் சேமித்திருப்பீர்கள். அன்றிலிருந்து உங்கள் விரல் தொடுவது அவர் பெயரைத்தான். அம்மா வீட்டு நம்பர் அப்படியா? ஒவ்வொரு முறையும் விரலால் சுற்றியோ அழுத்தியோ போட்டது. பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தது, தோழிகளுக்கு வாயால் சொன்னது. விரலும் வாயும் சேர்ந்து பதித்த எண் அது. இருபது வருடம் கழித்தும் அப்படியே வருகிறதென்றால் உங்கள் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் பெட்ஸி ஸ்பாரோ என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாங்கள் தட்டச்சு செய்கிற செய்தி கணினியில் சேமிக்கப்படும் என்று நம்பியவர்களுக்கு, அது அழிந்துவிடும் என்று நினைத்தவர்களைவிடக் குறைவாகவே நினைவிருந்தது. எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனசு அதைச் சுமப்பதில்லை.

நமக்கு மனப்பாடமாகத் தெரிந்தவற்றை யோசித்துப் பாருங்கள். யாராவது வாய்விட்டுக் கேட்டு, நாம் வாய்விட்டுச் சொன்னவையாகத்தான் இருக்கும். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்கிறார். வீட்டில் ஆறு பேர் என்றாலும் ஆறு பேர் நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறோம். ஜவுளிக்கடையில் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள், அதனால் சொந்த நம்பர் தெரியும். கடிதம் எழுதிய காலத்தில் ஒவ்வொரு கவரிலும் எழுதி எழுதி அம்மா வீட்டுப் பின்கோடு இன்றைக்கும் நினைவிருக்கும். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். சரியான தேதி தெரியாதவர்களுக்கு வருடத்தை மட்டும் உத்தேசமாகப் போட்டபோது அப்படி ஆனது. ஆனால் தனுஷ்கோடிப் புயலின்போது தனக்கு என்ன வயது, யார் இடுப்பில் இருந்தோம் என்று அவர்கள் சொல்வார்கள். புயலைப் பற்றி ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, தேதியை யாரும் கேட்கவில்லை. கணவர் நம்பரையும் உங்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை, டீக்கடைக்காரர் கேட்கும் வரை.

சரி, இனி எதைப் படிப்பது? போன் கையில் இல்லாதபோது எது வேண்டுமோ அதைத்தான். இரண்டு நம்பர் போதும். ஒன்று கணவருடையது. இன்னொன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில் இருக்கிற ஒருவருடையது. நீங்கள் இருவரும் சேர்ந்து பயணம் போய் இரண்டு போனும் போனால் அது கைகொடுக்கும். இதோடு அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, போன், இணையம் வழியாகப் பணம் ஏமாற்றப்பட்டால் 1930.

பத்து எண்ணை ஒரே நீளமாகப் படிக்காதீர்கள். ஒரே நேரத்தில் மனதில் நிற்பது ஏழு சொச்சம் உருப்படிகள்தான் என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் நான்குதான் என்றார்கள். அதனால் மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்து, நாம் வாய்ப்பாடு சொன்ன அதே ராகத்தில் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குக் கணவரைக் கூப்பிடும்போது பெயரைத் தொடாமல் எண்ணை அழுத்துங்கள். மறுநாள் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து.

மகனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அவன் நினைவுதான் அதிகம் வந்தது. அன்று போனுக்குப் பதில் அவன் கூட்டத்தில் தவறியிருந்தால்? சில வருடங்களுக்கு முன்பு ஒரு தேர்த் திருவிழாவில், வழி தவறிய ஐந்து வயதுக் குழந்தையை ஒரு பெண் காவலர் மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா பேர் என்ன தங்கம்?" "அம்மா." "அப்பா அம்மாவ எப்படிக் கூப்பிடுவாரு?" "ஏம்மா." "அம்மா அப்பாவ?" "ஏங்க." "பாட்டி அம்மாவ எப்படிக் கூப்பிடுவாங்க?" "பாப்பா." அந்தக் குழந்தை கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னது. நம் வீடுகளில் அப்பா அம்மாவின் பெயர் குழந்தையின் காதில் விழுவதே அபூர்வம். கடைசியில் மைக்கில் கவுனின் நிறத்தைச் சொல்லித்தான் அம்மாவை வரவழைத்தார்கள். ஏழு வயதில் உங்கள் மகனுக்கு அம்மா, அப்பாவின் முழுப்பெயர், தெருப் பெயர், உங்கள் நம்பர் இத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். தினமும் தலை வாரிவிடும்போது கேளுங்கள், ஒரே வாரத்தில் வந்துவிடும்.

ரத்த வகை தெரிந்திருப்பது நல்லது, முக்கியமாக மற்றவருக்கு ரத்தம் கொடுக்க. ஆனால் உங்களுக்கு ஏற்ற வேண்டிய நிலை வந்தால் நீங்கள் சொல்வதை வைத்து ஏற்றமாட்டார்கள், பரிசோதித்துப் பொருத்தம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அதைவிட அவசியம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது. என் பெரியப்பா ஒருமுறை வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா?" கூட நின்ற நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "காலையில ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரி பாதி மஞ்சள் மாத்திரை" என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. அண்ணன் பைக்கில் வீட்டுக்குப் பறந்துபோய் மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார். தலைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். மாமியாரின் மாத்திரைப் பெயர்களை ஒரு சின்னத் தாளில் எழுதி உங்கள் பர்ஸில் ஒன்று, கணவர் பர்ஸில் ஒன்று வையுங்கள். மாமியாரால் கேட்டால் சொல்ல முடியாது இல்லையா? அவர் சுருக்குப் பையிலோ முந்தானை முடிச்சிலோ வீட்டு நம்பர் எழுதிய ஒரு துண்டும் எப்போதும் இருக்கட்டும்.

ஆதாரின் பன்னிரண்டு எண், வங்கிக் கணக்கு எண், ரேஷன் கார்டு எண் இவற்றை மனப்பாடம் செய்ய மெனக்கெட வேண்டாம். பீரோவில் ஒரு நோட்டில் இருந்தால் போதும். போனின் ஐஎம்இஐ எண்ணையும் (அந்தப் போனுக்கான தனி அடையாள எண்) அதே நோட்டில் பெட்டியைப் பார்த்து எழுதிவிடுங்கள், போன் தொலைந்தால் புகார் கொடுக்க வேண்டும். மனதில் மட்டுமே இருக்க வேண்டியது ஏடிஎம், யுபிஐ ரகசிய எண்கள். அதைக் கார்டு உறையின் மேல் எழுதி வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

கணவர் சொல்லிக் காட்டுவது உங்களுக்கு வலிக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. சண்டையாக வேண்டாம். ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் இருவர் போனையும் தள்ளி வைத்துவிட்டு, "என் நம்பரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். அவருக்கும் முதல் நாலைந்து எண்ணுக்கு மேல் வராமல் போகலாம். வந்தால் எப்படி வந்தது என்று கேளுங்கள், எங்கோ ஒரு படிவத்தில் அடிக்கடி எழுதியிருப்பார். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பேருமாகச் சேர்ந்து படியுங்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது நம்பர். அவ்வளவு பதற்றத்தில் உங்கள் மனசு முதலில் ஓடிய இடம் கரூர். அம்மா இப்போது எந்த போன் வைத்திருக்கிறாரோ அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, இன்று ராத்திரி பெயரைத் தொடாமல் பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக அழுத்தி அவரைக் கூப்பிடுங்கள்.