லெந்து உபவாசமும் ராத்திரி 11 மணியும்

அன்புள்ள அக்கா,

பெரம்பூர்ல இருக்கேன், வயசு 31, சிஎஸ்ஐ சபை. ரெண்டு வருஷமா லெந்து நாட்கள்ல (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள்) காலையும் மதியமும் சாப்பிடாம இருந்து சாயங்காலம்தான் சாப்பிடறேன். ஆனா ராத்திரி 11 மணிக்கு எல்லாரும் தூங்கினப்புறம் கிச்சன்ல நின்னுகிட்டே மிச்ச சாதம், பிஸ்கட், கேக்னு எது இருக்கோ வயிறு வலிக்கிற வரைக்கும் சாப்பிட்டுடறேன். அப்புறம் அழுது மன்னிப்பு கேட்டுட்டு, தண்டனையா மறுநாள் முழுக்க பட்டினி. லெந்து முடிஞ்சும் இது நிக்கல. பெண்கள் ஐக்கியத்துல ஒரு ஆன்ட்டி "சரீரம் தேவனுடைய ஆலயம், இப்படியா வெச்சுக்கிறது"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. பெருந்திண்டி பாவம்தானே? உபவாசத்த விட்டா விசுவாசத்துல பின்வாங்கிப் போனதா ஆயிடாதா? பேர் போடாதீங்க.

பதில்:

தங்கச்சி, முதல்ல அந்த ஆன்ட்டி விஷயத்த முடிச்சிடுவோம். அவங்க சொன்ன வசனம் 1 கொரிந்தியர் 6:19. அந்தக் கடிதத்த எழுதின பவுல் அந்த அதிகாரத்துல பேசிட்டிருக்கிறது வேசித்தனத்தப் பத்தி, யாரோட இடுப்பு அளவப் பத்தியும் இல்ல. ஐக்கிய விருந்துல மட்டன் பிரியாணிய ரெண்டாவது தடவ வற்புறுத்தி வைக்கிறதும் இவங்கதான், அடுத்த ஞாயித்துக்கிழமை வாசல்லயே நிறுத்தி "கல்யாண வயசாச்சே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா"ன்னு கேக்குறதும் இவங்கதான். விடுங்க.

பெருந்திண்டி பாவமான்னா, ஆமா, வேதம் கண்டிக்குது. ஆனா யாரக் கண்டிக்குதுன்னு பாருங்க. கொரிந்து சபையில வசதியானவங்க முன்னாடியே வந்து தின்னு குடிச்சு முடிச்சிடறாங்க, இல்லாதவங்க வந்து பசியோட நிக்கிறாங்க, அதுக்குத்தான் பவுல் அதே கடிதத்துல 11ஆம் அதிகாரத்துல அவ்ளோ கோவப்பட்டு "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்"னு எழுதறார். இயேசு சொன்ன லாசரு கதையிலயும் ஐசுவரியவான் தினமும் விருந்து சாப்பிட்டான்றதோட நிக்கல, வாசல்ல ஒருத்தன் புண்ணோட கிடந்தான், அவன கண்டுக்கல. நீங்க ராத்திரி அழுதுகிட்டே பழைய சாதம் சாப்பிடறத இதோட ஒண்ணா வைக்க என்னால முடியல. நீங்க பண்றது பேராசை இல்ல, பகல் முழுக்க காயப்போட்ட உடம்பு ராத்திரி தன் பங்க கேக்குது, அவ்ளோதான்.

இத நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, 1944-45ல, அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 இளைஞர்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணார். மனசாட்சிக்காக துப்பாக்கி தூக்க மாட்டோம்னு சொன்னவங்க இவங்க, நிறைய பேர் க்வேக்கர், மெனோனைட் மாதிரி சபைகள்லருந்து வந்தவங்க, பட்டினியில வாடுற ஜனங்களுக்கு உதவுமேன்னு தாங்களாவே முன்வந்தாங்க. ஆறு மாசம் கிட்டத்தட்ட பாதி சாப்பாடு. என்னாச்சுன்னா, எந்நேரமும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புக்க உக்காந்து படிக்கிறது, எரிச்சல், சோர்வு, அப்புறம் சாப்பாடு திரும்பக் கெடச்சப்போ சில பேர் தின்னுகிட்டே இருந்தாங்க, வயிறு நெறஞ்சும் பசி அடங்கல. சண்டைக்குப் போறத விட கஷ்டப்படறது மேல்னு நின்ன பசங்க, அவங்களுக்கு மன உறுதி கம்மின்னு யாரும் சொல்ல முடியாது. உங்களப் பத்தியும் அப்படிச் சொல்லிக்காதீங்க.

மடங்கள்ல இருந்தவங்களுக்கே இது தெரிஞ்சிருக்கு. 5ஆம் நூற்றாண்டுல ஜான் கேசியன்னு ஒரு துறவி, எகிப்து வனாந்தரத் துறவிகளோட இருந்து கத்துக்கிட்டவர், அளவு மீறின உபவாசமும் பெருந்திண்டியும் கடைசில ஒரே எடத்துலதான் கொண்டு போய் விடும்னு எழுதி வெச்சிருக்கார். கத்தோலிக்க சபையில இன்னிக்கும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ரெண்டு நாள்தான் உபவாசம் கட்டாயம், அன்னிக்கும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு, உடம்பு முடியாதவங்களுக்கு விலக்கு உண்டு.

நீங்க எழுதுனதுல என்ன உறுத்துனது "தண்டனையா"ன்ற அந்த எடம்தான். உபவாசம்னா ஜெபிக்க நேரம் ஒதுக்கறது, ஏசாயா 58ல சொல்ற மாதிரி நம்ம ஆகாரத்த பசிச்சவனோட பகிர்ந்துக்கறது. நேத்து சாப்பிட்ட பிஸ்கட்டுக்கு வட்டி கட்டறதுக்குப் பேர் உபவாசம் இல்ல, அந்தக் கடன நமக்கு பதிலா ஒருத்தர் கட்டிட்டார்னு தானே ஞாயித்துக்கிழமை பாடறோம்?

நாப்பது நாள்னா எல்லாரும் இயேசு வனாந்தரத்துல உபவாசம் இருந்ததத்தான் சொல்வாங்க, எலியா தீர்க்கதரிசியோட நாப்பது நாள யாரும் சொல்றதில்ல. 1 இராஜாக்கள் 19 எடுத்துப் படிங்க. சாகணும்னு சூரைச்செடி கீழ படுத்துட்டார். தூதன் வந்து என்ன பாவம் பண்ணேன்னு கேக்கல, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் வெச்சு "எழுந்திருந்து போஜனம்பண்ணு"ன்னு எழுப்பறான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துட்டார், அப்பவும் திட்டு இல்ல, ரெண்டாவது தடவையும் சாப்பாடு. அந்த பலத்துலதான் நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போறார்.

அதனால இப்போதைக்கு சாப்பாட்டு உபவாசத்த நிறுத்துங்க. பின்வாங்கல் இல்ல இது. மூணு வேளையும் சாப்பிடுங்க, முக்கியமா காலைல, முடிஞ்ச வரைக்கும் யார் கூடயாவது உக்காந்து. ராத்திரி திரும்ப அதே மாதிரி நடந்தாலும் மறுநாள் காலை டிபன மட்டும் விடாதீங்க, அந்தச் சுத்து அங்கதான் உடையும். வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி நடந்து மாசக்கணக்கா நீடிச்சா டாக்டர்கள் இதுக்கு சிகிச்சை தேவைப்படுற ஒரு நோயாவே பேர் வெச்சிருக்காங்க, சிகிச்சையும் இருக்கு. தயங்காம ஒரு மனநல டாக்டரப் பாருங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோடது, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். சாப்பிட்டத வாந்தி எடுக்கிறது, பேதி மாத்திரை போடறதுன்னு ஏதாவது இருந்தா (நீங்க எழுதல, இருந்தாலும் கேக்குறேன்) தள்ளிப் போடவே கூடாது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகணும்னு தோணினா தாராளமாப் போங்க, நாலு இட்லி சாப்ட்டுட்டு. ஆன்ட்டி கேட்டா இப்போ நான் உபவாசம் இல்ல ஆன்ட்டின்னு சொன்னா போதும், காரணம் சொல்லணும்னு இல்ல.