மீட்டர் நோட்டு வைத்திருக்கும் பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

போன வாரம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே ஒரு பெரியப்பா என்று நாலு பேர் வந்திருந்தார்கள். பேசியது முழுக்கப் பெரியப்பாதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சார், கடன் வாங்கியாவது சேத்துடலாம், சொந்தத்துல எல்லாப் பிள்ளைங்களும் அதுலதான் இருக்காங்க." நானும் முதல் பத்து நிமிடம் கவலைப்படாதீங்க, நல்லபடியா அமையும் என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

குடியிருக்கும் அடுக்ககத்தின் தண்ணீர் மீட்டரை எட்டு மாதமாகத் தினமும் குறித்திருக்கிறாள். இரண்டு குடும்பம் காலி செய்த பிறகும் அளவு இறங்கவில்லையே என்று சந்தேகப்பட்டு, ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போய்ப் பார்த்தால், எல்லாரும் தூங்கும் நேரத்தில் முள் ஓடிக்கொண்டிருக்கிறது. கசிவு! குடிநீர் வழங்கும் நிறுவனங்கள் கசிவை மதிப்பிடுவதும் இப்படித்தான், நள்ளிரவுக்குப் பின் ஓடும் குறைந்தபட்ச அளவை வைத்து. யாரும் சொல்லித்தராமல் அவளாகவே அங்கே வந்து நிற்கிறாள். பெரியப்பா அதைப் "பொழுதுபோக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஐயா, பெண்ணின் அப்பாவான உங்களுக்குத்தான், அன்று பாதியில் விட்டதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்துக்கு 30 வருஷம் கழித்து எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணிப்பது தனி வேலை. அணையோ சுத்திகரிப்பு நிலையமோ, திட்டம் போட்டு, நிலம் எடுத்து, கட்டி முடிக்கவே பல வருஷம் பிடிக்கும் என்பதால் அந்த எண்ணை யாராவது இன்றைக்கே சொல்லியாக வேண்டும். தலைக்கு இத்தனை லிட்டர், அதை மக்கள்தொகையால் பெருக்கினால் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1970இல் இருந்ததைவிடப் பத்து லட்சம் பேர் கூடியும் மொத்தத் தண்ணீர்ச் செலவு ஏறவில்லை. அமெரிக்காவில் 1992இல் வந்த சட்டம், புதிய கழிப்பறைத் தொட்டி ஒரு தடவைக்குச் சுமார் 6 லிட்டருக்கு மேல் விடக்கூடாது என்றது. அதற்கு முன் 13 லிட்டர், அதற்கும் மேல் குடித்த தொட்டிகள் உண்டு. தொட்டி மாறினால் 30 வருஷக் கணக்கே மாறிப்போகிறது. மறுபக்கம், குடும்பம் சின்னதாக ஆக ஆகத் தலைக்கான செலவு ஏறும், ஏனென்றால் வீட்டைக் கழுவும் தண்ணீர் இரண்டு பேருக்கும் ஐந்து பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதனால் வீடு, கடை, ஆலை, கசிவு என்று தனித்தனியாகப் பிரித்து, கட்டணம் ஏறினால் எவ்வளவு குறையும் (பெரும்பாலும் கொஞ்சம்தான்), வெயில் ஏறினால் எவ்வளவு கூடும் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசியில் ஒரே எண்ணைச் சொல்லாமல் மூன்று நான்கு சாத்தியங்களைக் கொடுப்பார்கள். ஏன் என்றால் மெல்போர்னைப் பாருங்கள். கடும் வறட்சியில் முடிவெடுத்து, வருஷத்துக்கு 15,000 கோடி லிட்டர் தரக்கூடிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2012இல் முடித்தார்கள். அதற்குள் மழை வந்துவிட்டது. ஆலையிடம் முதல்முறையாகத் தண்ணீர் கேட்டது 2016இல்.

இதற்குப் புள்ளியியல் இளங்கலை, துணைப்பாடமாகப் பொருளாதாரமோ புவியியலோ, மேலே நீர்வளத்தில் முதுகலை. கூடவே கணக்குப் போட ஆர், பைத்தான் என்ற கணினி மொழிகள், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள், மூன்றும் இலவசம். சிவில் வழியாகவும் வரலாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை குடிநீர் வாரியங்களிலும் அவற்றுக்குத் திட்டம் எழுதித்தரும் ஆலோசனை நிறுவனங்களிலும் இருக்கிறது, ஆனால் விளம்பரம் இந்தப் பெயரில் வராது, தேடிப் போக வேண்டும். இடங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளத்தில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் முந்துவார்கள், மறைக்கவில்லை. தண்ணீர் பிடிக்காமல் போனாலும் இதே கையோடு மின்சாரத் தேவைக் கணிப்புக்கோ காப்பீட்டுக்கோ போகலாம்.

கடன் விஷயத்தில் மட்டும் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிக்காத பிள்ளை பெயரில், வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை அடமானமாக வைத்து வாங்கும் கடன் அது. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை. விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். அடுத்த முறை நீங்களும் அவளும் மட்டும் வாருங்கள், அந்தக் கசிவை அடைத்தபின் மீட்டர் எவ்வளவு இறங்கியது என்று அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.