காப்புரிமை கேள்வி–பதில்: ஒரு பாகத்துக்கு ஒரு பெயர், ஒரே எண்

கேள்வி: வணக்கம் மேடம். ஆத்தூர் பக்கம் பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களோடு சேர்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் சீவும் இயந்திரம் ஒன்று செய்திருக்கிறோம். காப்புரிமை விண்ணப்பத்தை நாங்களே எழுத ஆசை. வேர்டில் அடித்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கம் கலைகிறது. கட்டளைகள் எழுதி ஆவணத்தை அமைக்கும் லேட்டெக் மென்பொருளில் ஒரு டெம்ப்ளேட் செய்துகொண்டால் சரிவருமா?

பதில்: தாராளமாகச் சரிவரும் சார். காப்புரிமை முகவராக நானே பத்து வருஷமாக லேட்டெக்கில்தான் விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம், எழுதுகிறேன்.

பக்க அமைப்பை ஒரே தடவையில் முடித்துவிடலாம். 2003-ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளில் 9-வது விதியைப் பாருங்கள். ஏ4 தாள். மேலேயும் இடப்பக்கமும் குறைந்தது 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. விட வேண்டும். லேட்டெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்களைப் பேக்கேஜ் என்பார்கள். ஜியோமெட்ரி பேக்கேஜில் இந்த நான்கு எண்களைக் கொடுத்தால் போதும். வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி, பக்க எண் அடியில் நடுவில். எழுத்தின் உயரம் 0.28 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது விதி. லேட்டெக் தானாக எடுத்துக்கொள்வது 10 பாயின்ட், அது பத்தாது. 12 பாயின்ட்டில் அச்சான கேபிடல் எழுத்தை அளந்து பாருங்கள், சரியாக அந்த உயரத்துக்கு வரும்.

ஒவ்வொரு ஐந்தாவது வரிக்கும் இடது மார்ஜினில் எண் விழ வேண்டும். லைன்நோ பேக்கேஜ் அதைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் புதிதாக எண்ணச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் பழைய பதிப்பு இருந்தால், சமன்பாடு வரும் இடத்தில் அதற்கு முந்தைய பத்தியின் எண்கள் காணாமல் போகலாம். சமன்பாட்டை அந்தப் பேக்கேஜின் லைன்நோமேத் என்ற கட்டளைக்குள் வைத்தால் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் வேர்டிலும் முடியும். நான் லேட்டெக்கை விடாமல் பிடித்திருப்பது, படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுக்கும் பாக எண்களுக்காக.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பம்ப் வால்வுக்கு விண்ணப்பம் எழுதினேன். ப்ரொவிஷனல் என்ற முதற்கட்ட விண்ணப்பம் போட்டு 12 மாதம் முடிகிற நாள். அன்றைக்கே கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது முழு விவரக்குறிப்பு, போயாக வேண்டும். மதியம் புதிதாக ஒரு படம் வந்து சேர்ந்தது. எண்களைத் தள்ளிப்போட வேண்டியிருந்ததால் 12 இருக்கும் இடமெல்லாம் 14 என்று மாற்றச் சொல்லி பொத்தானை அழுத்தினேன். 112 என்ற ஸ்பிரிங்கும் 114 ஆகிவிட்டது. 114 ஏற்கெனவே வால்வின் இருக்கைக்குக் கொடுத்த எண். நான் கவனிக்கவில்லை. காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கையில், ‘114 என்பது ஸ்பிரிங்கா, இருக்கையா’ என்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு புதிய விஷயம் எதையும் உள்ளே நுழைக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு இடம் கொடுக்காது. இது எண் பிழைதான், புதிய விஷயமில்லை என்று படம் படமாகக் காட்டி விளக்கினேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்ல நேர்ந்த நாள் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அதன் பிறகுதான் பாகங்களுக்கென்று தனிக் கோப்பு வைக்க ஆரம்பித்தேன். உங்கள் இயந்திரத்தில் கிழங்கு கொட்டும் தொட்டி 10, உருளை 12, பிளேடு 14 என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை எழுதுங்கள். பெயரும் அடைப்புக்குறிக்குள் எண்ணும் சேர்ந்தே வந்து விழட்டும். விவரக்குறிப்புக்குள் கையால் எண் அடிக்கவே அடிக்காதீர்கள். எண்ணை மாற்ற வேண்டுமா, அந்தக் கோப்பில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். பெயரும் அப்படியே. ஒரு பக்கம் பிளேடு, இன்னொரு பக்கம் கத்தி என்று எழுதினால் இரண்டும் ஒன்றா வேறா என்ற கேள்வி எழும். கட்டளையின் பெயரைத் தப்பாக அடித்தால் லேட்டெக் அங்கேயே நின்று பிழை காட்டும். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா!

எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கைகளையும் புதுப் பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் லேபிள் வைத்து, மற்ற இடங்களில் அந்த லேபிளாலேயே குறிப்பிடுங்கள். மூன்றாவதை எடுத்துவிட்டால் ‘கோரிக்கை 4-இன்படி’ என்பதெல்லாம் தானே திருந்திவிடும். சுருக்கம் 150 சொல்லுக்குள், தலைப்பு 15 சொல்லுக்குள். இணையவழி தாக்கலுக்குத் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கத்தைத் தாண்டினால் பக்கத்துக்கு 160, பத்துக் கோரிக்கையைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 320 கூடும். அதற்காக எழுத்தைச் சுருக்க வேண்டாம். சொன்னதையே திரும்பச் சொல்லும் பத்திகளை வெட்டுங்கள்.

மாணவர்கள் கணினியில் வரைந்த கேட் (CAD) படத்தை அப்படியே ஒட்டாதீர்கள். அளவுக் கோடுகள் இருக்கக் கூடாது. இடது மேல் மூலையில் விண்ணப்பதாரர் பெயர், வலது மேல் மூலையில் தாள் எண், வலது கீழ் மூலையில் கையெழுத்து.

முதல் கோரிக்கையை மட்டும் கணினியில் தொடங்காதீர்கள் சார். வெள்ளைத்தாளில் பாகங்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். எதை எடுத்தால் அது உங்கள் இயந்திரமாக இல்லாமல் போகிறதோ, அவை மட்டும் முதல் கோரிக்கையில் இருந்தால் போதும்.

கேள்வி: விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா?

பதில்: இப்போதைய விதிப்படி இந்தி அல்லது ஆங்கிலம்தான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் கண்டுபிடிப்பைத் தமிழில் முழுசாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். என்னிடம் வரும் பட்டறைக்காரர்களிடம் முதலில் தமிழில்தான் சொல்லச் சொல்கிறேன். எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அங்கே விவரம் பத்தவில்லை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் கல்லூரிக் கண்காட்சியில் எங்கள் கருவியை வைக்கச் சொல்கிறார்கள். விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சட்டத்தில் 12 மாதச் சலுகை கிடைப்பது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்குத்தான். கல்லூரி விழா அதில் வராது. ஒரு மாதம் இருக்கிறதே, ப்ரொவிஷனலைப் போட்டுவிடுங்கள். அதற்கு உரிமைக்கோரிக்கை தேவையில்லை. விவரமும் படங்களும் முழுமையாக இருக்கட்டும். விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு கருவியைக் கண்காட்சிக்கு எடுத்துப் போங்கள்.