மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் படங்களில் ஏன் சிரிப்பதே இல்லை?
சின்ன வயதுப் பழக்கம்தான். 1895இல் அமெரிக்காவின் கான்சாஸில் பிறந்தவர். பெற்றோர் மேடைக் கலைஞர்கள். மேடையில் அப்பா அவரைத் தூக்கி எறிவார். பிடிக்க வசதியாக உடையில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள்! விழுந்து எழுந்து தானும் சிரித்தால் கூட்டம் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் கைதட்டல் என்பதை அப்போதே கண்டுகொண்டார்.

1917இல் சினிமாவுக்கு வந்த பிறகும் அதே முகம். 1928இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முன்சுவர் முழுசாக அவர்மேல் சாயும். சன்னல் திறப்பு விழும் இடத்தில் நின்றதால் தப்பிப்பார். தந்திரக் காட்சி இல்லை, கனமான சுவர். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் ஆள் காலி.

அதே ஆண்டு எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்து படைப்புச் சுதந்திரத்தை இழந்தார். அப்புறம் குடி, சரிவு. 1950களில் தொலைக்காட்சி அவரை மீட்டது, 1966இல் காலமானார்.