மலிவு ஒயின் கிட்டைத் தேற்ற முடியுமா? – கேள்வி பதில்

கனடாவிலும் இங்கிலாந்திலும் வீட்டில் ஒயின் போடுகிறவர்களில் பலர் தொடங்குவது பெட்டியில் வரும் கிட்டில்தான். உள்ளே கெட்டியாக்கிய திராட்சைச் சாறு ஒரு பை, ஈஸ்ட், நாலைந்து பொட்டலங்கள் இருக்கும். தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கினால் 30 பாட்டில் கிடைக்கும். விலை கூடிய கிட்டில் சாறே 16, 18 லிட்டர் வரும். மலிவுக் கிட்டில் பாதிக்கும் குறைவுதான், மிச்சமெல்லாம் குழாய்த் தண்ணீர். வந்த கேள்விகள் எல்லாம் அந்த மலிவுக் கிட்டைப் பற்றியவை.

ஸ்கார்பரோ: அண்ணா, நாலு வாரக் கிட் ஒன்று போட்டேன். குறிப்பில் இருந்தபடியேதான் செய்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் தண்ணியாக இருக்கிறது. அடுத்த தடவை கொஞ்சம் சீனி கூடப் போட்டால் சரியாகுமா?

சீனி வேண்டாம் தம்பி. எல்லோருக்கும் முதலில் கை போவது சீனி டப்பாவுக்குத்தான். 23 லிட்டரில் ஒரு கிலோ சீனி போட்டால் ஆல்கஹால் 2 சதவீதத்துக்கு மேல் ஏறும், வாயில் தங்குகிற கனம் ஏறாது. தண்ணீர் கூடிப்போன ரசத்தில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்ட கதைதான்.

தண்ணீரைக் குறையுங்கள். 23 லிட்டர் கோடு வரை நிரப்பாமல் 20 லிட்டரில் நிறுத்துங்கள். ஹைட்ரோமீட்டரில் (சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் மிதவைக் கருவி) 1.080 காட்டியிருக்க வேண்டியது 1.092 பக்கம் வரும். அது 0.995 வரை இறங்கினால் ஆல்கஹால் 12.7 சதவீதம். 23 லிட்டர் ஆக்கியிருந்தால் 11.2தான் வந்திருக்கும். (தொடக்க அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் சதவீதம் வரும்.) சீனியைப் போல இல்லாமல் இங்கே நிறம், மணம், துவர்ப்பு எல்லாம் சேர்ந்தே ஏறும். நாலு பாட்டில் குறையும், குறையட்டும். புளிப்பும் அதே விகிதத்தில் ஏறும் என்பதால் வெள்ளை ஒயின் கிட்டில் 21 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். 20 லிட்டரைக் கொண்டுபோய் 23 லிட்டர் கார்பாயில் (வாளியில் நொதித்தபின் ஒயினை மாற்றி வைக்கும், கழுத்து குறுகிய பெரிய பாட்டில்) ஊற்றினால் கழுத்துக்குக் கீழே காற்று நிற்கும், ஒயின் பழுத்துப்போன ஆப்பிள் மாதிரி மணக்கத் தொடங்கும். 19 லிட்டர் கார்பாய் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கும் கசடை விட்டுவிட்டுச் சிஃபன் குழாயால் இறக்கினால் மிஞ்சுவது சரியாக அதற்குள் அடங்கும். கொஞ்சம் குறைந்தால் கடையில் அதே வகை ஒயின் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றி நிரப்பினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

பிராம்ப்டன்: உலர்திராட்சை போட்டால் நல்லது என்கிறார்கள். எவ்வளவு, எப்போது?

23 லிட்டருக்கு அரைக் கிலோ. சிவப்புக்குக் கறுப்பு உலர்திராட்சை, வெள்ளைக்குப் பொன்னிறத்தது. எண்ணெய் தடவாததாகப் பார்த்து வாங்குங்கள். வெந்நீரில் அலசி, கத்தியால் ஒன்றிரண்டாக நறுக்கி, நைலான் பையில் கட்டி, ஈஸ்ட் தூவுகிற நாளிலேயே வாளியில் இறக்குங்கள். முழுசாகப் போட்டால் ஊறி உப்பிக் கிடக்குமே தவிர, உள்ளே இருப்பது இறங்காது. தினமும் பையை ஒரு தடவை அமுக்கி விடுங்கள். ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். ஆல்கஹாலும் முக்கால் சதவீதம் போல ஏறும்.

சிவப்பு ஒயினுக்கு இதோடு ஓக் மரத்துண்டு சேர்த்தால் விலை கூடிய கிட்டின் பக்கத்தில் வந்துவிடும். பொட்டலத்தில் வரும் ஓக் தூள் மரவாசனை மட்டுமே கொடுக்கும். நடுத்தரமாக வறுத்த பிரெஞ்சு ஓக் கட்டிகள் 50 கிராம் வாங்கி, கார்பாயில் ஆறு முதல் எட்டு வாரம் போட்டு வையுங்கள். நாலாவது வாரத்திலிருந்து சுவை பாருங்கள். மரம் தூக்கலாகத் தெரிந்தால் உடனே வேறு கார்பாய்க்கு இறக்கிவிட வேண்டும், பிறகு அதைக் குறைக்க வழியில்லை. பழ வாசனைக்காக வாங்குகிற வெள்ளை ஒயின் கிட்டில் ஓக் தேவையே இல்லை.

லண்டன்: இங்கே கிடைக்கும் மலிவுக் கிட்டில் "4 கிலோ சீனி சேர்க்கவும்" என்றே போட்டிருக்கிறது அண்ணா. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அந்த வகைக் கிட்டில் சீனியை அடியோடு விட முடியாது, சாறே போதாது. ஆனால் ஒரு பங்கை மாற்றலாம். சூப்பர்மார்க்கெட் திராட்சை ஜூஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 160 கிராம் சர்க்கரை இருக்கும். நாலு லிட்டர் தண்ணீருக்குப் பதில் நாலு லிட்டர் ஜூஸ் ஊற்றி, சீனியில் 600 கிராம் குறையுங்கள். வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சோர்பேட், பென்சோயேட் என்ற பதப்பொருள்கள் இருந்தால் ஈஸ்ட் எழும்பாது. கான்கார்டு திராட்சை என்று இருந்தாலும் வைத்துவிடுங்கள், ஒயின் மிட்டாய் மாதிரி மணக்கும்.

மிசிசாகா: குழாய்த் தண்ணீர் போதுமா?

போதும். ஆனால் டொரொண்டோ பக்கம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது. குளோரின் போல இரவு திறந்து வைத்தால் பறந்துவிடாது. கேம்ப்டன் மாத்திரையில் (ஒயின் கடையில் கிடைக்கும் சல்பைட் மாத்திரை) மூன்றில் ஒரு பங்கைப் பொடித்து 23 லிட்டரில் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது.

எட்மன்டன்: கூட வரும் ஈஸ்டையே போடலாமா?

மலிவுக் கிட்டில் பெரும்பாலும் இசி-1118 என்ற ஈஸ்ட் வகை வரும். குளிரோ சூடோ அசராது, ஆனால் தன் பங்குக்கு ஒரு மணமும் தராது. வெள்ளைக்கும் ரோஜா நிறத்துக்கும் 71பி போட்டுப் பாருங்கள். பழவாசனை தூக்கும், மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்று புளிப்பையும் மட்டுப்படுத்தும். சிவப்புக்கு ஆர்சி-212 நல்லது, ஆனால் அதற்கு ஈஸ்ட் உணவு கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் முட்டை நாற்றம் எடுக்கும். இரண்டு, மூன்று டாலரில் கிடைக்கும் மாற்றங்களில் இதுதான் முதலாவது.

கோடை, குளிர்காலம் பார்த்து வெப்பத்தையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் பேஸ்மென்ட் தரை சிலவேளை 15 டிகிரிதான் இருக்கும். வாளியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் ஏற்றி, போர்வை சுற்றுங்கள். சிவப்புக்கு 22 முதல் 24 டிகிரி.

மொன்றியல்: பாட்டிலில் அடைத்த ஒயின் நாக்கில் சுருக்கென்கிறது. சோடா கலந்தது போல் இருக்கிறது.

கரியமில வாயு வெளியேறவில்லை. மலிவுக் கிட் குறிப்பில் "இரண்டு நிமிடம் கலக்கவும்" என்று போட்டிருப்பார்கள், அது போதாது. டிரில்லில் மாட்டும் கலக்கி 20 டாலருக்குள் கிடைக்கும். ஒயின் 22, 23 டிகிரியில் இருக்க வேண்டும், குளிர்ந்த ஒயின் வாயுவை விடாது. முதல் தடவை விசையைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் கார்பாய் கழுத்து வழியாக நுரை பொங்கி, கம்பளமெல்லாம் சிவப்பாகும். ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம், நடுவில் காற்றை இழுக்கும் சுழி விழாமல் சுற்ற வேண்டும். நாளைக்கு மூன்று தடவையாக இரண்டு நாள் செய்யுங்கள்.

போய்விட்டதா என்று பார்க்க, ஹைட்ரோமீட்டர் குழாயில் பாதி எடுத்து, உள்ளங்கையால் மூடிக் குலுக்கிக் கையை எடுங்கள். 'புஸ்' என்றால் இன்னும் இருக்கிறது. கார்பாயில் நாலைந்து மாதம் விடப் பொறுமை உள்ளவர்களுக்கு டிரில்லே வேண்டாம், தானாகப் போகும்.

டொரொண்டோ: நாங்கள் சைவம். தெளியவைக்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

நல்ல கேள்வி அம்மா, பலர் பார்ப்பதே இல்லை. ஐசிங்கிளாஸ் என்றால் மீனின் காற்றுப்பை. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. பென்டோனைட் வெறும் களிமண், கீசெல்சால் மணல் வகை. முதல் இரண்டையும் போடாமல் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது. குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் வைத்தால் தானாகவே தெளியும்.

சோர்பேட் பொட்டலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை முழுக்கத் தீர்ந்து, ஹைட்ரோமீட்டர் 0.995 பக்கம் அசையாமல் நின்று, பிறகு இனிப்பு எதுவும் சேர்க்கப் போவதில்லை என்றால் அது அவசியமில்லை. ஒயினைக் கெடாமல் காக்கும் சல்பைட் பொட்டலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அஜாக்ஸ்: ஊரில் இருந்து வந்திருக்கும் அம்மா, "கண்ணு போயிடும், ஊத்திடு" என்கிறார். கள்ளச்சாராயச் செய்திகள் பார்த்துப் பயம். என்ன பதில் சொல்வது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தது, மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து. அது வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்த இரசாயனம். திராட்சைச் சாறு நொதிக்கும்போது வருகிற மெத்தனால் மிகச் சொற்பம், கடை ஒயினிலும் அது உண்டு. ஒயினைக் காய்ச்சி வடிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். அது ஆபத்து, கனடாவில் உரிமமின்றிச் செய்தால் குற்றமும்கூட. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், நம்புவார் என்று உறுதி தர முடியாது.

வான்கூவர்: நாலு வாரக் கிட்டை நாலு வாரத்தில் குடிக்கலாமா?

குடிக்கலாம், நன்றாக இருக்காது. வெள்ளைக்கு மூன்று மாதம், சிவப்புக்கு ஆறு மாதம். அதற்கு மேல் வைக்கப் போகிறீர்கள் என்றால் பாட்டிலில் அடைக்கும் முன் 23 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி மெட்டாபைசல்பைட் (மேலே சொன்ன சல்பைட் பொடி) கூடுதலாகச் சேருங்கள். மலிவுக் கிட்டை ஒன்றரை வருடம் தாண்டி வைப்பதில் லாபமில்லை.

ஓட்டாவா: அடுத்த வருடம் சென்னைக்கே திரும்புகிறோம். இரண்டு கிட் வாங்கி வரலாமா சார்?

வேண்டாம். 1937ஆம் வருடத்துத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கார்பாயையும் டிரில் கலக்கியையும் அங்கேயே யாராவது நண்பருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.