வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மூச்சுத் திணறலும் அவசர மருந்துகளும்

கேள்வி: நிமோனியா முற்றிய என் தந்தைக்குச் செயற்கை சுவாசக் குழாய் செலுத்தும் முன், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஊசி போடப்போவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏற்கெனவே திணறுகிறவருக்கு, விடுகிற மூச்சையும் நிறுத்தும் மருந்து எதற்கு?

பதில்: கையெழுத்திடும் நேரத்தில் எவருக்கும் எழும் சந்தேகம்தான் இது, ஆனால் அந்த நேரத்தில் விளக்கிச் சொல்ல எங்களுக்குப் பெரும்பாலும் அவகாசம் இருப்பதில்லை. தொண்டைக்குள் ஏதேனும் நுழைந்தால் இருமுவதும், குமட்டுவதும், குரல்நாண்களை இறுக மூடிக்கொள்வதும் நுரையீரலுக்கு உடல் வைத்திருக்கும் காவல். குழாயைச் செலுத்தும்போது அந்தக் காவலே இடைஞ்சலாகிவிடுகிறது. மூடிய குரல்நாண்களுக்கிடையே குழாய் போகாது என்பதோடு, குமட்டலில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே கெட்டமைன், எட்டோமிடேட் போன்ற மயக்க மருந்தை முதலில் செலுத்தி, அதன் பின்னாலேயே தசைத் தளர்த்தி மருந்தையும் செலுத்துகிறோம்.

அதற்கு முன், முகமூடியை விளிம்பில் காற்றுக் கசியாதபடி அழுத்திப் பிடித்து, இயன்றால் 3 நிமிடம் ஆக்சிஜன் கொடுப்போம். நுரையீரலிலுள்ள நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தில் ஆக்சிஜன் நிரம்புவதால், மூச்சு நின்றிருக்கும் இடைவெளியில் உடல் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நலமாக இருப்பவர் இந்தச் சேமிப்பில் பல நிமிடங்கள் தாங்குவார். நிமோனியா நோயாளியும், உடல் பருமன் மிக்கவரும், கர்ப்பிணியும் அவ்வளவு நேரம் தாங்கமாட்டார்கள்.

தசைத் தளர்த்திகளில் சக்சினைல்கோலின் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்து, ஏறத்தாழ 10 நிமிடத்தில் விலகிவிடும். ரோக்குரோனியத்தை உடல் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் என்ற அளவில் கொடுத்தால் அதுவும் ஒரு நிமிடத்தில் வேலை செய்யும், ஆனால் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். சக்சினைல்கோலின் இரத்தத்தில் பொட்டாசியத்தைச் சற்றே உயர்த்தும். சில நாட்களுக்கு முன் கடுமையான தீக்காயம் பட்டவரிடமும், பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தவரிடமும், நெடுநாள் படுக்கையில் கிடப்பவரிடமும் அந்த உயர்வு இதயத்தையே நிறுத்துமளவுக்குப் போகக்கூடும். அவசரத்துக்கிடையில் "எத்தனை நாளாகப் படுக்கையில் இருக்கிறார்?" என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான்.

கேள்வி: தசைகள் செயலிழந்திருக்கும்போது நோயாளிக்கு நினைவும் வலியும் இருக்குமா?

பதில்: தசைத் தளர்த்தி மூளையைத் தொடுவதே இல்லை. 1942-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹரோல்ட் கிரிஃபித் அறுவை சிகிச்சையில் கியூராரே என்ற தசைத் தளர்த்தியைப் பயன்படுத்திய பிறகு, அது நினைவையும் மங்கச் செய்யுமா என்ற விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. அதைத் தீர்க்க ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் தம் உடலிலேயே அந்த மருந்தை ஏற்றிக்கொண்டார். விரல்கூட அசைக்க முடியாத நிலையிலும் தம்மைச் சுற்றி நடந்தவை அனைத்தும் தமக்குத் தெரிந்தன என்று பின்னர் சொன்னார். அந்த ஆய்வு 1947-இல் வெளியாயிற்று.

எட்டோமிடேட்டின் மயக்கம் 5 முதல் 15 நிமிடத்தில் தெளியத் தொடங்கும். ரோக்குரோனியமோ அதன் பிறகும் நெடுநேரம் உடலைக் கட்டிப்போட்டிருக்கும். இந்த இடைவெளியில் மயக்க மருந்தும் வலிநிவாரணியும் தொடர்ந்து ஏறாவிட்டால், நோயாளி விழித்திருந்தும் அதைச் சொல்ல வழியற்றுக் கிடப்பார். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறுவது, மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் கசிவது ஆகியவையே எங்களுக்குக் கிடைக்கும் அடையாளங்கள். குழாய் உள்ளே போனதும் வேலை முடிந்தது என்று அனைவரும் மூச்சுவிடும் அந்தக் கணத்தில்தான் இது மறந்துபோகிறது என்பது என் கருத்து. மயக்க மருந்து தொடர்ந்து ஏறுகிறதா என்று உறவினர் கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: ஆஸ்துமா திடீரென முற்றினால் இன்ஹேலரை எத்தனை முறை அழுத்தலாம்? படபடப்பு அடங்கத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசருடன் (மருந்தைத் தேக்கி நிதானமாக உள்ளிழுக்க உதவும் குழல்) பொருத்தி, கடும் திணறலில் 4 முதல் 10 அழுத்தங்கள் வரை, முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், மருத்துவமனைக்குப் புறப்படுவதை இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. பத்தையும் சேர்த்து அழுத்தாமல், ஒருமுறை குலுக்கி ஓர் அழுத்தம், நான்கைந்து மூச்சு, மறுபடி குலுக்கி அடுத்த அழுத்தம் என்று போக வேண்டும். மருந்தைப் பனிப்புகையாக்கித் தரும் நெபுலைசர் கருவிதான் வலுவானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது; ஸ்பேசரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒரே பலனைத் தரும். மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டின் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும், அதனாலேயே அதை முதல் மணி நேரத்திலேயே தொடங்குகிறோம். இவற்றுக்கும் அடங்காதபோது மெக்னீசியம் சல்ஃபேட் 2 கிராம், 20 நிமிடத்தில் இரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும்.

தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. அந்தப் படபடப்பு மூச்சு போதாததன் விளைவு. அதை அடக்கினால் மூச்சுவிடும் முயற்சியும் சேர்ந்து அடங்கும். விசில் சத்தம் குறைந்து, நோயாளி சோர்ந்து அமைதியாவதைத் தேறுதல் என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே உள்ளே போகாத மார்பிலும் சத்தம் வராது.

கேள்வி: ஒவ்வாமையால் தொண்டை வீங்கும்போது ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை போதுமா?

பதில்: போதாது. அரிப்பையும் தடிப்பையும் அது குறைக்கும். வீங்கும் மூச்சுப்பாதையைத் திறக்காது. அதைச் செய்வது அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதித் தசையில் போட வேண்டும், 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடலாம். தானியங்கி ஊசி வைத்திருப்பவர் ஆடையின் மேலேயே குத்திக்கொள்ளலாம். திணறல் இருந்தால் உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சரிந்திருக்கும் நேரத்தில் எழுந்து நின்றதுமே இதயம் நின்றுபோனவர்கள் உண்டு.